வண்டியில் போனவர்களும் வாசலில் நின்றவர்களும்

2015ஆம் ஆண்டு ஜூலையில் பிரான்சின் வீதிகளில் இரண்டு சைக்கிள் சுற்றுகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன.

ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரிந்த தூர் து பிரான்ஸ். ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக 1903இல் தொடங்கிய போட்டி. 2015இல் அது ஏறத்தாழ 3,360 கிலோமீற்றரை 21 கட்டங்களில் ஓடி முடித்தது. ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 160 கிலோமீற்றர். வீதியோரத்தில் கதிரை போட்டு, குடை விரித்து, காலையிலிருந்து காத்திருக்கும் சனத்தை வீரர்கள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் கதிரையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

மற்றச் சுற்றைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, பிரான்சின் தென்மேற்கு மூலையில் உள்ள பய்யோன் என்ற நகரத்தில் புறப்பட்டது. செப்டெம்பர் 26ஆம் திகதி பாரிசுக்கு வந்து சேர்ந்தது. இடையில் 5,600 கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரம், 180க்கும் மேற்பட்ட தரிப்புகள். சில இடங்களில் எல்லை தாண்டி அயல்நாடுகளையும் தொட்டு வந்தது. முன்னால் போனது நாலு பேர் ஒன்றாக இருந்து மிதிக்கும் நீண்ட சைக்கிள். பெயர் ‘தூர் அல்டர்னாட்டிபா’. அந்த ஆண்டு டிசம்பரில் பாரிசில் நடக்கவிருந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு முன்னால், காலநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கதைப்பதுதான் அதன் வேலை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். மொத்தம் 114 நாட்கள். நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர்கூட இல்லை. கொஞ்சம் பழக்கமுள்ளவர் அந்தத் தூரத்தை மூன்று, நாலு மணித்தியாலத்தில் ஓடிவிடலாம். மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது? நின்றார்கள், சாப்பிட்டார்கள், கதைத்தார்கள், கேட்டார்கள். இந்தப் பயணத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் முக்கியமாகப் பட்டது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பய்யோனில் தொடங்கியது

கதை 2009இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கோப்பன்ஹேகனில் பெரிய காலநிலை மாநாடு ஒன்று நடந்தது. உலகத் தலைவர்கள் எல்லோரும் போனார்கள். நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார்கள். மாநாட்டை நம்பியிருந்த பலர் மனம் உடைந்துபோனார்கள்.

அதே 2009இல் பய்யோனில் ‘பிசி’ என்ற சிறிய அமைப்பு ஒன்று உருவானது. பாஸ்க் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘வாழ்’ என்று பொருள். பாஸ்க் மக்கள் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் வாழும் ஓர் இனத்தவர். அவர்களுடைய மொழி ஐரோப்பாவின் வேறெந்த மொழிக்கும் உறவு என்று நிறுவப்படாதது. மொழியைக் காப்பதற்கும் நிலத்தைக் காப்பதற்கும் நெடுங்காலமாகப் போராடிப் பழகிய சனம். வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி என்று வளர்ந்த எங்களுக்கு அவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

2013 ஒக்டோபர் 6ஆம் திகதி இந்த அமைப்பு பய்யோனில் ஒரு நாள் ‘கிராமம்’ ஒன்றை நடத்தியது. நகரின் பழைய பகுதியில் வீதிகளில் கார்களை நிறுத்திவிட்டு, தெருக்களை ஆளுக்கொரு விடயத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் சிறு விவசாயிகள், ஒரு இடத்தில் பழுது திருத்துபவர்கள், ஒரு இடத்தில் வீட்டுக்குச் சூடு போகாமல் காப்பது எப்படி என்று விளக்குபவர்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்தப் பகுதியில் ‘எவுஸ்கோ’ என்ற உள்ளூர் நாணயமும் புழக்கத்துக்கு வந்திருந்தது. உள்ளூர்க் கடைகளுக்குள்ளேயே காசு சுற்றட்டும் என்பதற்காக. இந்த நாளுக்குத்தான் ‘அல்டர்னாட்டிபா’ என்று பெயர் வைத்தார்கள். ‘மாற்று வழி’ என்பதற்கான பாஸ்க் சொல் அது.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான் காலநிலை விஞ்ஞானிகளின் சர்வதேசக் குழு தன் ஐந்தாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதற்பகுதியை வெளியிட்டிருந்தது. அறிக்கை மனிதரைப் பயமுறுத்தக்கூடியது. பய்யோனில் கூடியவர்கள் பயத்தோடு சேர்த்து, செய்யக்கூடியது என்ன என்பதையும் கண்முன்னால் வைத்தார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நாசி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய ஸ்தெஃபான் ஹெசெலின் துணைவி கிறிஸ்தியான் ஹெசெல் அங்கே ஒரு வேண்டுகோளை வாசித்தார். இப்படிப் பத்து, நூறு, ஆயிரம் இடங்களில் நடக்கட்டும் என்பது அதன் சாரம்.

வேண்டுகோள் விடுப்பது சுலபம். அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது எப்படி? அந்தக் கேள்விக்குத்தான் 2015இல் சைக்கிள் பதிலாக வந்தது.

நாலு பேர் வண்டி

நாலு இருக்கைச் சைக்கிளைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதை ஓட்டுவது விளையாட்டல்ல. இப்படிப்பட்ட வண்டிகளில் மிதிகள் ஒன்றோடொன்று சங்கிலியால் இணைந்திருக்கும். முன்னால் இருப்பவர் கைப்பிடியைத் திருப்புவார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஒருவர் களைத்தால் அவருடைய பாரத்தை மற்ற மூவரும் இழுக்க வேண்டும். ஏற்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவாங்க வேண்டும். காலநிலைப் பிரச்சினையைத் தனியாக யாரும் தீர்க்க முடியாது என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு பதாகை தேவைப்படவில்லை.

வழியில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்தச் சைக்கிள்களோடு சேர்ந்துகொண்டார்கள். சிலர் அடுத்த ஊர்வரை. சிலர் ஒரு நாள் முழுக்க. ஒவ்வொரு தரிப்பிலும் அந்த ஊரில் ஒரு குழு காத்திருந்தது. வரவேற்பது, கூட்டத்துக்கு இடம் பிடிப்பது, சமைப்பது, படுக்க இடம் கொடுப்பது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 180 ஊர்களில் நிற்க வேண்டுமென்றால், 180 ஊர்களில் யாராவது முன்கூட்டியே ஒன்றுகூடியிருக்க வேண்டும். ஒரு தோட்டக்காரர், ஒரு ஆசிரியை, ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஒரு மாணவி இப்படிக் கொஞ்சப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னர் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகக்கூட இருந்திருக்கலாம். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டித்தானே ஆகவேண்டும்? அதற்காகக் கூடியவர்கள், வண்டி போன பிறகும் சில ஊர்களில் கலையவில்லை. வண்டி போய்விட்டது, குழு தங்கிவிட்டது.

பழைய பாதை ஒன்று

ஊர் ஊராகப் போய் நின்று, சாப்பிட்டு, கதைத்து, தலைநகரை நோக்கிப் போவது பிரான்சுக்குப் புதிதல்ல. தென்பகுதியில் லார்சாக் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. செம்மறி மேய்க்கும் நாடு. 1971இல் அங்கே இருந்த இராணுவ முகாமை ஏறத்தாழ 3,000 ஹெக்டயரிலிருந்து 17,000 ஹெக்டயருக்கு விரிக்கப்போவதாக அரசு அறிவித்தது. காணி பறிபோகும் நிலையில் இருந்த விவசாயிகளில் 103 பேர் விற்பதில்லை என்று 1972இல் சத்தியம் செய்தார்கள். தங்கள் செம்மறிகளை ஈபெல் கோபுரத்தடியில் கொண்டுவந்து மேயவிட்டார்கள். 1978இல் லார்சாக்கிலிருந்து பாரிசுக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் நடந்தே போனார்கள். 1981இல் மித்தெரான் ஜனாதிபதியானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பத்து ஆண்டுகள் எடுத்தது. ஆயுதம் எடுக்கவில்லை.

ஆயுதம் எடுக்காமல் போராடுவதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 1972இல் லான்சா தெல் வாஸ்தோ என்ற முதியவர் லார்சாக்குக்கு வந்து, 15 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். இத்தாலியில் பிறந்தவர். 1937இல் இந்தியாவுக்குப் போய் வார்தாவில் காந்தியோடு தங்கியவர். காந்தி அவருக்கு ‘சாந்திதாஸ்’ என்று பெயர் வைத்தார். லார்சாக் விவசாயிகளின் சத்தியம் அந்த உண்ணாவிரத நாட்களில்தான் நடந்தது. இன்று பிரான்சில் காலநிலைக்காக வன்முறையில்லாமல் போராடும் இளைஞர்கள் லார்சாக்கைத் தங்கள் முன்னோடியாகச் சொல்வார்கள். அதாவது, அந்தப் பாதையின் ஒரு வேர் காந்தியின் உப்புப் பயணம் வரை போகிறது.

உப்புப் பயணம் என்றவுடன் எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் வரவேண்டும்: வேதாரண்யம்.

1930இல் காந்தி குஜராத்தில் தண்டிக்கு நடந்து உப்புச் சட்டத்தை மீறிய அதே ஏப்ரலில், ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ஏப்ரல் 13இல் புறப்பட்டு 28ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். அப்போது தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டராக இருந்தவர் தோர்ன் என்ற ஆங்கிலேயர். அவர் கெட்டிக்காரர். நடப்பவர்களைத் தடுத்தால் அவர்கள் வீரர்கள் ஆகிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டார். அதனால் வேறொரு வழி எடுத்தார். தொண்டர்களுக்குச் சாப்பாடு கொடுப்பவர்களுக்கும் தங்க இடம் கொடுப்பவர்களுக்கும் தண்டனை என்று எச்சரிக்கை விட்டார்.

ஊர்ச்சனம் என்ன செய்தது தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, வழியில் இருந்த மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று யாரைக் கேட்பது? மரத்தையா கைது செய்வது?

இந்தக் கதையைச் சின்னவயதில் கேட்டவர்கள் அதை ஒரு தந்திரமாக நினைத்துச் சிரித்திருப்பீர்கள். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. தோர்ன் சரியாகத்தான் கணித்திருந்தார். ஒரு பயணத்தின் உயிர் நடப்பவர்களின் காலில் இல்லை, சோறு கட்டுபவர்களின் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கையைப் பிடிக்கப் பார்த்தார்.

பாரிசில், அந்த நவம்பரில்

2015க்குத் திரும்புவோம். செப்டெம்பரில் நாலு பேர் வண்டி பாரிசின் ரிப்பப்ளிக் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மாநாடு தொடங்குவதற்கு முதல் நாள், நவம்பர் 29ஆம் திகதி, பெரிய ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

நவம்பர் 13ஆம் திகதி இரவு பாரிசிலும் அருகிலுள்ள சான் தெனியிலும் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்தன. 130 பேர் கொல்லப்பட்டார்கள். அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. ஊர்வலம் தடைசெய்யப்பட்டது.

ஏறத்தாழ நாலு மாதமாக நாட்டைச் சுற்றிச் சேர்த்த சனத்துக்கு, கடைசியில் வீதியில் இறங்க அனுமதி இல்லை. என்ன செய்வது? ரிப்பப்ளிக் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான சோடிச் சப்பாத்துகளை வரிசையாக வைத்தார்கள். நடக்க வேண்டிய கால்களுக்குப் பதிலாகச் சப்பாத்துகள். பாப்பரசர் பிரான்சிஸ்கூட ஒரு சோடி அனுப்பியிருந்தார். பக்கத்தில் வொல்தேர் வீதியின் நடைபாதையில் சனம் கைகோத்துச் சங்கிலியாக நின்றது. அந்த வீதியில்தான் பலர் கொல்லப்பட்ட பத்தக்ளான் அரங்கு இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் சங்கிலியில் ஓர் இடைவெளி விட்டார்கள். இறந்தவர்களுக்கான இடம்.

டிசம்பர் 12ஆம் திகதி பாரிஸ் ஒப்பந்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புவி வெப்பம் உயர்வதை 2 பாகைக்கு நன்றாகக் கீழே வைத்திருப்பது, 1.5 பாகையோடு நிறுத்த முயல்வது என்று நாடுகள் ஒத்துக்கொண்டன. நாலு பேர் வண்டியால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இராஜதந்திரிகள். அதற்காக நெருக்கியவர்களில் கடலில் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் சிறு தீவு நாடுகள் முக்கியமானவை. ஆனால் பேச்சு முடிந்து அவர்கள் விமானம் ஏறிப் போன பிறகு, அதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க ஊர்களில் ஆட்கள் இருந்தார்கள்.

பஸ் வராத ஊர்

2018இல் இரண்டாவது சுற்று. இந்த முறை மறுபக்கமாக: ஜூன் 9இல் பாரிசில் புறப்பட்டு, 5,800 கிலோமீற்றர் ஓடி, 200 இடங்களில் நின்று, ஒக்டோபர் 6இல் பய்யோனுக்குப் போனது. இரண்டே நாட்களில், ஒக்டோபர் 8ஆம் திகதி, விஞ்ஞானிகளின் புதிய அறிக்கை வந்தது. 1.5 பாகையோடு நிறுத்த வேண்டுமென்றால், கரியமில வாயு வெளியேற்றத்தை 2010இல் இருந்த அளவிலிருந்து 2030க்குள் ஏறத்தாழ 45 வீதம் குறைக்க வேண்டும் என்றது.

அடுத்த மாதம் இரண்டு விடயங்கள் அடுத்தடுத்த நாட்களில் நடந்தன. நவம்பர் 16ஆம் திகதி அதிகாலை ‘கஜா’ புயல் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. உப்புப் பயணம் போய்ச் சேர்ந்த அதே கரை. தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருடம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அந்த இழப்பு விளங்கும். தனி ஒரு புயலைக் காட்டி இதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடல் சூடாகச் சூடாகப் புயல்களுக்குக் கிடைக்கும் சக்தி கூடுகிறது என்பதைச் சொல்லலாம்.

மறுநாள், நவம்பர் 17ஆம் திகதி, பிரான்சில் மஞ்சள் அங்கிக்காரர்கள் வீதிச் சுற்றுவட்டங்களை மறித்தார்கள். முதல் நாளிலேயே இரண்டரை இலட்சம் பேருக்கு மேல். உடனடிக் காரணம், எரிபொருள் மீதான வரியை அரசு ஜனவரியில் மேலும் கூட்டவிருந்தது. காலநிலையைக் காப்பாற்றத்தான் இந்த வரி என்று அரசு சொன்னது. மறித்தவர்களில் நிறையப் பேர் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இருப்பவர்கள். சின்ன ரயில் பாதைகள் மூடப்பட்ட ஊர்கள். பஸ் வராத ஊர்கள். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கார் இல்லாமல் போக முடியாத சனம்.

அவர்களிடம் போய்ச் ‘சைக்கிள் ஓடுங்கள்’ என்று சொல்ல முடியுமா? காலநிலைக்காகக் கிராமங்களைச் சுற்றிய ஒரு சைக்கிள் இயக்கத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை வர முடியாது. வரியை எதிர்ப்பவர்கள் காலநிலையின் எதிரிகள் என்று சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. டிசம்பர் 8ஆம் திகதி காலநிலை ஊர்வலமும் மஞ்சள் அங்கிக்காரர்களின் போராட்டமும் ஒரே நாளில் வந்தன. பல நகரங்களில் இரு பகுதியினரும் சேர்ந்து நடந்தார்கள். உலகத்தின் முடிவும் மாதத்தின் முடிவும் ஒரே போராட்டம்தான் என்பது அன்றைய கோஷம். மாதத்தின் முடிவு என்றால் சம்பளம் தீர்ந்துபோகும் நாட்கள்.

மாதக் கணக்காகக் கிராமத்துக் குசினிகளில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அங்கே இருப்பவர்களை எதிரிகளாகப் பார்ப்பது கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சைக்கிள்

இந்த இடத்தில் எங்களுடைய வரலாற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கைப் பாடப்புத்தகங்களில் சைக்கிளுக்குத் துவிச்சக்கரவண்டி என்று பெயர். 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகத் தடை இருந்தது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். மற்றதெல்லாம் சைக்கிள்தான். விறகு, மரக்கறி, நோயாளி, முழுக் குடும்பம் எல்லாம் அதில் போனது. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். உங்கள் அப்பாவையோ மாமியையோ கேட்டால் இன்னும் நிறையச் சொல்லுவார்கள்.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைந்த எரிபொருள்தான் எரிந்திருக்கும். அதை யாரும் சாதனை என்று கொண்டாடமாட்டார்கள். அது தண்டனை. அதனால்தான் எங்கள் பெரியவர்களில் சிலருக்குச் சொந்தக் கார் என்பது வெறும் ஆடம்பரம் இல்லை. தடை முடிந்துவிட்டது, இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதன் அடையாளம். அவர்களிடம் காரை விட்டுவிட்டுச் சைக்கிளில் போங்கள் என்று சொல்வதற்கு முன்னர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விரும்பி மிதிப்பதும் வேறு வழியில்லாமல் மிதிப்பதும் ஒன்றல்ல. சுற்றுவட்டத்தை மறித்த பிரெஞ்சுக்காரரும் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் தேடி அலைந்தவரும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் அனுபவித்தது போர்க்காலத் தடை, மற்றவர் எதிர்த்தது ஒரு வரி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆனால் இருவரையும் கேட்காமல்தான் அவர்களுடைய எரிபொருளைப் பற்றி வேறு யாரோ முடிவெடுத்தார்கள்.

பலன் என்ன?

நேராகவே கேட்போம். இவ்வளவு தூரம் மிதித்து என்ன பலன்? 2015இல் காற்றில் இருந்த கரியமில வாயு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 400 பங்கு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் சராசரி வெப்பம் 1.5 பாகைக்கு மேல் போன முதலாவது ஆண்டும் 2024தான். அதே 2024இல் அல்டர்னாட்டிபா மூன்றாவது முறையும் சுற்றுக்குப் புறப்பட்டது. அளவுகோலில் பார்த்தால் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

வேதாரண்யத்தையும் அப்படிப் பார்க்கலாம். ராஜாஜி உப்பு அள்ளியவுடன் கைதானார். உப்பு வரி 1947 வரை இருந்தது. லார்சாக்கும் பத்து ஆண்டுகள் இழுத்தது. காத்திருந்தால் பலன் வரும் என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. உப்பு வரி பதினேழு வருடம் இருந்து நீங்கியபோது, நீங்கியது நீங்கியதுதான். கரியமில வாயு அப்படி இல்லை. இன்று விடுவதில் ஒரு பெரும் பங்கு பல நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும். ஒவ்வொரு ஆண்டுத் தாமதமும் மேலே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் இவ்வளவு மெதுவான பயணம் எதற்கு? வேகமாக ஒரு சட்டம் போட்டு முடித்துவிடலாமே?

பிரெஞ்சு அரசு அதைத்தானே செய்து பார்த்தது? எரிபொருள் வரி வேகமான வழி. பாரிசில் முடிவெடுத்து நாடு முழுக்க அமல்படுத்துவது. சனம் வீதியில் இறங்கி மூன்று கிழமைக்குள், டிசம்பர் தொடக்கத்தில், அரசு அந்த உயர்வைக் கைவிட வேண்டி வந்தது. பஸ் இல்லாத ஊரில் முதலில் பஸ் விடாமல் வரியை விட்டால் என்ன நடக்கும் என்று அந்த ஊர்க் குசினியில் ஒரு பின்னேரம் உட்கார்ந்திருந்தவர் யாரும் சொல்லியிருப்பார்.

சட்டங்கள் வேண்டும், அவை வேகமாகவும் வேண்டும். ஆனால் அவை நிலைப்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் அதை ‘எங்களுடையது’ என்று சொல்லக்கூடிய கொஞ்சப் பேராவது வேண்டும். அந்தக் கொஞ்சப் பேரை விமானத்திலோ அறிக்கையிலோ கொண்டுபோய் இறக்க முடியாது. நாளுக்கு 50 கிலோமீற்றர் போய், நின்று, சாப்பிட்டுத்தான் தேட வேண்டும்.

உங்கள் ஊருக்கு ஒருநாள் இப்படியொரு சுற்று வரலாம். எந்த நாட்டில் இருந்தாலும் இப்போது இப்படிப்பட்ட பயணங்கள் நடக்கின்றன. சேர்ந்து மிதிக்க முடிந்தால் மிதியுங்கள். முடியாவிட்டால் வரவேற்கும் குழுவில் சேருங்கள். ஒரு சட்டி சோறும் பருப்பும் நூறு துண்டுப்பிரசுரத்தைவிடக் கூடுதல் நேரம் ஆட்களை உட்கார வைக்கும். அந்த மேசையில் எங்கள் ஆட்களையும் உட்கார வையுங்கள். அதிகாலை நாலு மணிக்கு முதல் ரயில் வருவதற்கு முன்னரே துப்புரவு வேலைக்குக் கிளம்புகிறவர், நள்ளிரவில் உணவகத்துக் குசினி மூடியபிறகு வீடு திரும்ப வழி தேடுகிறவர். அவர்களுக்கு எந்த நேரத்தில் பஸ் வந்தால் காரை விடுவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். நகரசபைக்குக் கொண்டுபோக உங்களிடம் ஏதாவது இருக்கும்.